சிப்பிக்குக் கருப்புத்தான் அழகு

சிப்பி பதித்த பேனாவை நேர் வெயிலில் நீட்டிப் பார்ப்பது அந்தப் பேனாவுக்குச் செய்யும் அநியாயம். வெயில் பட்ட மாத்திரத்தில் சிப்பி பளீரென்று வெள்ளையாக ஒரு வெட்டு வெட்டும், கண் கூசும், நிறமெல்லாம் அந்தப் பளிச்சில் கரைந்துபோகும். மேசை விளக்கைக் கிட்டே இழுத்தாலும் அதே கதைதான். சிப்பிக்கு வேண்டியது எல்லாத் திசையிலிருந்தும் மெத்தென்று இறங்குகிற ஒளி. அந்த வகையில் வுப்பர்டால் கொடுத்து வைத்த ஊர். ஜெர்மனியில் மழைக்குப் பேர்போன இந்தப் பள்ளத்தாக்கு நகரத்தில் வானம் மூடிக் கிடக்கும் நாட்களுக்குப் பஞ்சமே இல்லை. ஊர்க்காரர்கள் சலித்துக்கொள்வார்கள். எல்பர்ஃபெல்ட் பகுதியில் ஒரு மாடி வீட்டு ஜன்னலோரம், 1901-இலிருந்து வுப்பர் ஆற்றின் மேல் ஓடிக்கொண்டிருக்கும் தொங்கு ரயிலின் இரைச்சலுக்கு நடுவே, இரண்டு பேனாக்களை நான் சாவகாசமாகப் பார்த்தது அப்படியொரு மூட்டமான பகலில்தான்.

பேனாக்களுக்குச் சொந்தக்காரர் யாழ்ப்பாணத்து அண்ணை ஒருவர். பெயரை எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். விலை கூடிய சாமான் வீட்டில் இருப்பது நாலு பேருக்குத் தெரிய வேண்டாமே! சாம்பல் நிறத் துணியொன்றை மேசையில் விரித்து, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். ஒன்று, 20-ஆம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் அமெரிக்காவின் ஜேன்ஸ்வில் நகரத்துப் பார்க்கர் நிறுவனம் 15 என்ற எண்ணிட்டு விற்ற பேனா. மற்றது ஜப்பானின் பைலட் நிறுவனம் நம் காலத்தில் செய்த கேப்லெஸ் ராடென், அதில் 'நீர்ப்பரப்பு' என்று பெயரிட்ட வகை. இரண்டிலும் சிப்பி. ஆனால் சிப்பியை வைத்து என்ன செய்யலாம் என்ற கேள்விக்கு இரண்டும் சொல்லும் பதில் நேர் எதிர்.

"முதல்ல பழசைக் கையில எடுங்கோ தம்பி. பாக்கிறது பிறகு," என்றார்.

அவர் சொன்னதன் காரணம் எடுத்ததும் புரிந்தது. சில்லென்றிருந்தது. முத்துச்சிப்பி ஓடு என்பது ஏறக்குறைய முழுக்கக் கால்சியம் கார்பனேட், அதாவது ஒருவகைக் கல். பிளாஸ்டிக்கோ எபோனைட் என்னும் கெட்டி ரப்பரோ விரல் பட்டதும் நம் சூட்டுக்கு வந்துவிடும். சிப்பி அப்படி உடனே இணங்காது. இந்தப் பேனாவின் உடல் முழுவதும் நீளவாக்கில் சிப்பிப் பட்டைகள். ஒரு பட்டை பால்வெள்ளை முத்துச்சிப்பி, அடுத்தது நீலமும் பச்சையும் கலந்த அபலோன், மறுபடி வெள்ளை, மறுபடி அபலோன் என்று சுற்றி வருகின்றன. பட்டைகளின் இரு முனைகளையும் தங்கத் தகடு போர்த்திய வளையங்கள் பிடித்திருக்கின்றன. மூடியிலும் அதே தங்கத் தகட்டில் பூவேலை. கண்ணை மூடிக்கொண்டு கட்டைவிரலைக் குறுக்கே ஓட்டினால் பட்டைக்கும் பட்டைக்கும் இடையே உள்ள இணைப்பு மயிரிழையாகத் தட்டுப்படும். கண்ணால் பார்த்தால் அந்த இடத்தைக் கண்டுபிடிக்கச் சிரமப்பட வேண்டும்.

இதைச் செய்தவன் பட்ட பாட்டைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்க வேண்டும். ஓடு கடலில் வளர்ந்த வளைவு ஒன்று, பேனா உடலின் வளைவு வேறு. கெட்டிச் சிப்பியைச் சூடு காட்டி வளைக்க முடியாது, உடையும். ஆகவே குறுகலான பட்டையாக அறுத்து, உட்புறத்தைக் குடைந்து, வெளிப்புறத்தை உருட்டித் தேய்த்து, குழலின் மேல் உட்காரவைத்துப் பிறகு மொத்தமாக மெருகேற்ற வேண்டும். பட்டை அகலமாக இருந்தால் நடுவில் தேய்த்துத் தேய்த்து மெலிந்துபோகும், ஓரத்தில் தடித்து நிற்கும். இத்தனை பட்டைகள் இருப்பது அழகுக்காக மட்டுமல்ல. வேறு வழி கிடையாது. தொழிலின் நெருக்கடியையே வடிவமாக மாற்றிக்கொண்ட வேலை இது. எனக்கு இப்படிப்பட்ட வேலைகளின் மேல் எப்போதும் ஒரு பாசம் உண்டு.

இப்போது ஜன்னல் பக்கம் திருப்பிப் பார்க்கலாம். அபலோன் பட்டைகளில் நிறம் ஓரிடத்தில் நிற்பதில்லை. பேனாவை மெல்ல உருட்ட உருட்டப் பச்சை ஒரு முனையிலிருந்து கிளம்பி மறுமுனை வரை நகர்ந்து போகிறது, அதன் பின்னாலேயே ஊதா வருகிறது, ஊதா விலகும் இடத்தில் செம்பு நிறம் ஒரு கணம் தலைகாட்டி மறைகிறது. எல்லாம் ஒரே ஓட்டமாக, இடையில் அறுபடாமல். அந்த நிறங்களுக்கு ஊடே மெல்லிய பழுப்புக் கோடுகள் வளைந்து வளைந்து போகின்றன, அலை பின்வாங்கிய ஈர மணலில் தங்கிவிட்ட கோடுகள் மாதிரி. நத்தை வகையைச் சேர்ந்த அபலோன் என்ற அந்தப் பிராணி ஓடு வளர்க்கும்போது இடையிடையே படியவிட்ட கரிமப் பொருள் அது. மட்டமான வேலைக்காரனாக இருந்தால் கோடில்லாத துண்டாகப் பொறுக்கியிருப்பான். இவன் கோடு உள்ளதையே தேடி எடுத்து, கோடுகள் எல்லாம் ஏறத்தாழ ஒரே பக்கம் சாயும்படி அடுக்கியிருக்கிறான்.

வெள்ளைப் பட்டைகள் அவ்வளவு பேசுவதில்லை. உள்ளே எங்கோ ஆழத்தில் இளஞ்சிவப்பு இருப்பது தெரியும், மேலே வராது. முதலில் அவை வெறும் இடைவெளி நிரப்பும் துண்டுகள் என்றே நினைத்தேன். கொஞ்ச நேரம் பார்த்த பிறகு, அபலோனின் ஆர்ப்பாட்டத்துக்கு நடுவே கண் இளைப்பாற இடம் வேண்டும் என்றுதான் வைத்திருக்கிறான் என்று தோன்றியது.

இந்த நிறங்களில் சாயம் ஒரு துளிகூட இல்லை. ஓட்டின் உட்பூச்சு நுண்ணிய தகடுகளின் அடுக்கு. ஒவ்வொரு தகடும் சுமார் அரை மைக்ரான் கனம், அதாவது ஒளியின் அலைநீளத்துக்கு நெருக்கமான அளவு. மேல் தகட்டில் பட்டுத் திரும்பும் ஒளியும் அடித் தகடுகளில் பட்டுத் திரும்பும் ஒளியும் ஒன்றோடொன்று சேர்ந்து, சில நிறங்களைத் தூக்கிவிடும், சிலவற்றை அமுக்கிவிடும். பார்க்கும் கோணம் மாறினால் கணக்கும் மாறும். அபலோனைப் பொடியாக அரைத்தால் வண்ணப் பொடி கிடைக்காது, சுண்ணாம்புதான் மிஞ்சும்.

இதை வுப்பர்டாலில் உட்கார்ந்து சொல்வதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. இந்த ஊர் சாயத்தால் பிழைத்த ஊர். பார்மன், எல்பர்ஃபெல்ட் முதலிய ஊர்களை 1929-இல் இணைத்து, மறு ஆண்டு வுப்பர்டால் என்று பெயரிட்டார்கள். அதற்கு நூறு ஆண்டு முன்பே ஆற்றங்கரை நெடுகச் சாயப்பட்டறைகள். பார்மனில் பிறந்த பிரெடரிக் எங்கெல்ஸ், மார்க்ஸைச் சந்திப்பதற்கு முன்பு, 1839-இல் 18 வயதில் இந்த ஊரைப் பற்றி எழுதிய கட்டுரைகளில் ஆறு சிவந்து ஓடுவதைச் சொல்லி, அது துருக்கிச் சிவப்புச் சாயப்பட்டறைகளின் கைங்கரியம் என்று குத்திக்காட்டியிருக்கிறார். பருத்தியில் ஏறினால் இறங்காத அந்தச் சிவப்பு மஞ்சிட்டி வகை வேரிலிருந்து வந்தது. மன்னார் வளைகுடாவின் இருகரையிலும், யாழ்ப்பாணத்திலும், சோழமண்டலக் கரையிலும் நம்மவர்கள் தோண்டியெடுத்த சாயவேரில் இருப்பதும் அதே அலிசரின் என்ற சாயப்பொருள்தான். 1863-இல் பார்மனில் செயற்கைச் சாயம் செய்யத் தொடங்கிய ஒரு சின்னக் கம்பெனிதான் பின்னாளில் ஆஸ்பிரின் விற்ற பேயர். இப்படி ஆற்றையே நிறம் மாற்றிய ஊரில், சாயமே படாத நிறத்தை இரண்டு பேர் ஜன்னலோரம் உருட்டிக்கொண்டிருந்தோம். பார்மன் நாடா நெசவுக்கும் பேர்போனது. விரலகல நாடாவில் பூவும் கொடியும் நெய்து உலகமெங்கும் அனுப்பியவர்கள். சின்ன இடத்தில் பெரிய வேலை செய்வது இந்த ஊருக்குப் புதிதல்ல.

சரி, ஜப்பானியப் பேனாவுக்கு வருவோம்.

கையில் எடுத்தால் சில்லிப்பு இல்லை. சிப்பி விரலில் தட்டுப்படவும் இல்லை. நகத்தால் வருடினாலும் ஒரே வழவழப்பு. பித்தளை உடல் என்பதால் 30 கிராம் அளவுக்குக் கனம் உண்டு, அவ்வளவுதான். சிப்பி இங்கே அரக்குப் பூச்சுக்குள் மூழ்கிக் கிடக்கிறது. பார்க்கர்காரன் சிப்பியை விரலுக்குக் கொடுத்தான், பைலட்காரன் கண்ணுக்கு மட்டும் கொடுத்திருக்கிறான். தொட்டு ரசிக்கும் ஆளுக்கு இது ஏமாற்றம்தான். எனக்கும் முதலில் அப்படித்தான் இருந்தது.

ஆனால் ஜன்னல் பக்கம் திருப்பியதும் பேச்சு நின்றுவிட்டது.

கருப்பென்றால் சாதாரணக் கருப்பு இல்லை. உருஷி மரத்தின் பாலைப் பக்குவம் செய்து, பூச்சின் மேல் பூச்சாக ஏற்றினால் வரும் கருப்பு. அதில் ஆழம் தெரியும். அந்தக் கருப்புக்குள் ஒழுங்கில்லாத ஓரங்களோடு சின்னச் சின்னச் சிப்பித் துண்டுகள், ஒன்றையொன்று தொடாமல், இடையிடையே இருட்டு விட்டுப் பரவியிருக்கின்றன. பேனாவை அசைக்காமல் பார்த்தால் பாதித் துண்டுகள்தான் தெரிகின்றன. மிச்சப் பாதி கருப்போடு கருப்பாக ஒளிந்திருக்கிறது. ஒரு நெல்லளவு உருட்டினால் தெரிந்தவை அணைந்து ஒளிந்தவை எரிகின்றன. ஒரு துண்டு பச்சையாக இருக்கும்போது அதற்கு அடுத்தது சிவக்கிறது, அதற்கும் அடுத்தது ஊமையாக இருக்கிறது.

இதன் சூட்சுமம் துண்டுகள் கிடக்கும் போக்கில் இருக்கிறது. ஒரே ஓட்டிலிருந்து எடுத்தாலும் ஒவ்வொரு துண்டிலும் உள் அடுக்குகள் சாயும் கோணம் வேறு. அவற்றை ஒரே திசையில் அடுக்கினால் எல்லாம் ஒன்றாக எரியும், ஒன்றாக அணையும். விளம்பரப் பலகை ஆகிவிடும். திசை கலைத்து வைத்ததால்தான் நீர்ப்பரப்பு என்ற பெயர் பொருந்துகிறது. பெயர் வைத்த பிறகு படம் தேடிய பேனாக்கள் உலகத்தில் ஏராளம். இது அந்த ரகமில்லை.

இந்த வகையில் சிப்பியின் கனம் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு, அல்லது அதற்கும் குறைவு. அவ்வளவு மெல்லிய சிப்பி முக்கால்வாசி கண்ணாடி. ஒளி அதை ஊடுருவி அடியில் போய்விடும். அடியில் வெள்ளை இருந்தால் அந்த ஒளி திரும்பி வந்து நிறத்தை வெளிறடிக்கும். கருப்பு இருந்தால் ஊடுருவிய ஒளியையெல்லாம் அது விழுங்கிவிடும், அடுக்குகளில் பட்டுத் திரும்பிய நிறம் மட்டும் சுத்தமாகக் கண்ணுக்கு வரும். பார்க்கர் பேனாவில் நாம் பார்ப்பது சிப்பியின் உடம்பு. இங்கே சிப்பிக்கு உடம்பே இல்லை, நிறம் மட்டும்தான். அந்த நிறத்தைக் காட்டுவது கருப்பு. என்னைக் கேட்டால் ராடென் என்ற இந்தச் சிப்பி பதிக்கும் வேலையில் கைதேர்ந்தவனை அடையாளம் காண அவன் எங்கே சிப்பி வைத்தான் என்று பார்க்க வேண்டாம், எங்கே வைக்காமல் விட்டான் என்று பார்த்தால் போதும்.

வேலை முறையும் பொறுமையைச் சோதிப்பது. கருப்பேற்றிய உடலில் சிப்பித் துண்டை இடுக்கியால் எடுத்து ஒவ்வொன்றாக ஒட்டுவார்கள். துண்டு சிறிதாக இருந்தால்தான் குழலின் வளைவில் முறியாமல் படியும். பிறகு மேலே மறுபடி அரக்குப் பூசிச் சிப்பியை முழுவதும் மறைத்துவிடுவார்கள். காய்ந்ததும் கரித்துண்டால் தேய்த்துத் தேய்த்து, சிப்பி மட்டம் வந்ததும் நிறுத்துவார்கள். ஓர் இழை கூடுதலாகத் தேய்த்தால் சிப்பியே போய்விடும். உருஷிக்கு ஒரு விசித்திரக் குணம், ஈரக்காற்று இருந்தால்தான் அது இறுகும். அதற்கென்று ஈரப்பதம் கட்டிய பெட்டிக்குள் வைப்பார்கள். நம் சேராங்கொட்டையின் குடும்பத்தைச் சேர்ந்த மரம் அது. பச்சைப் பால் மேலே பட்டால் சேராங்கொட்டை செய்யும் அதே கொப்புள வேலையை இதுவும் செய்யும்.

பேனாவில் அரக்கு ஏறியதற்குக் காரணம் அலங்காரம் அல்ல. 1918-இல் நமிகி ரியோசுகே தொடங்கிய நிறுவனம்தான் பிறகு பைலட் ஆனது. அன்றைய பேனாக்கள் எபோனைட். திருவள்ளூர் ரங்கா பேனாவை மேசையில் வெயில் படும்படி வைத்து மறந்தவர்களுக்குத் தெரியும், எபோனைட் நாளாவட்டத்தில் பழுப்பேறும். அதைத் தடுக்கத்தான் 1920-களில் உருஷி பூசினார்கள். கருப்பு நிலைத்ததும் அதன் மேல் பொன்தூள் ஓவியம் வந்தது, சிப்பி வந்தது. 1930-இல் லண்டன் டன்ஹில் நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டதும் அந்தப் பேனாக்கள் ஐரோப்பியப் பணக்காரர்களின் சட்டைப் பைக்குள் போய்விட்டன.

சிப்பி பதிக்கும் கலையின் வயசு இன்னும் பெரியது. நாரா நகரத்து ஷோசோயின் களஞ்சியத்தில் 8-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ஐந்து நரம்பு வீணை ஒன்று இருக்கிறது. அதன் மேல் ஒட்டகத்தில் அமர்ந்து வீணை மீட்டும் ஒருவனைச் சிப்பியில் இழைத்திருக்கிறார்கள். அந்த ஐந்து நரம்புக் கருவியின் வம்சம் இந்தியாவிலிருந்து போனது என்பார்கள். நம் பக்கம் குஜராத்தில் 16-ஆம் நூற்றாண்டிலேயே முத்துச்சிப்பித் துண்டுகளைப் பித்தளை ஆணியால் தைத்துக் கிண்ணமும் தட்டும் செய்தார்கள். அவற்றில் சில ஜெர்மனியின் டிரெஸ்டன் அரசவைக்கு வந்து சேர்ந்து இன்னும் அங்கே இருக்கின்றன. தூத்துக்குடியும் மன்னாரும் இந்தக் கதையில் தலைகாட்டாததற்குக் காரணம் எளிது. அந்தக் கடலின் முத்துச்சிப்பி சிறியது, ஓடு மெலிசு. முத்துக்குத்தான் அதற்கு மதிப்பு, பட்டை அறுக்க உதவாது. தூத்துக்குடியில் 1961-க்குப் பிறகு அரசு முத்துக்குளிப்பும் நின்றுபோயிற்று.

இனிக் குறை சொல்லும் நேரம். நயம் பாராட்ட வந்தவன் குறையை மறைத்தால் பாராட்டுக்கு மதிப்பில்லை.

கேப்லெஸ் என்பது மூடியில்லாத பேனா. 1963-இல் பைலட் கொண்டுவந்த யோசனை. பின்னால் குமிழை அழுத்தினால் 18 காரட் தங்க நிப் வெளியே வரும், மறுபடி அழுத்தினால் உள்ளே போய், மை காயாதபடி ஒரு சின்னக் கதவு மூடிக்கொள்ளும். பொறியியலில் சபாஷ். ஆனால் நிப் மேல் நோக்கி நிற்க வேண்டும் என்பதற்காகக் கிளிப்பை நிப் பக்கமே வைத்திருக்கிறார்கள். அந்த உலோகக் கிளிப் அரக்கின் மேல் ஏறி உட்கார்ந்திருப்பது எனக்கு ஒவ்வவில்லை. இத்தனை பொறுமையாகச் செய்த இருட்டின் மேல் ஒரு ஆபீஸ் சாமானை வைத்த மாதிரி இருக்கிறது. எழுதும்போது அது இரண்டு விரலுக்கு நடுவில் வேறு வருகிறது. இன்னொன்று, துண்டுகள் கொஞ்சம் அதிகம். மூன்றில் ஒரு பங்கைக் குறைத்திருந்தால் நீருக்கு இன்னும் ஆழம் கிடைத்திருக்கும்.

பார்க்கரின் குறை எதிர்ப்பக்கம். இருட்டுக்கு அதில் இடமே விடவில்லை. உடலில் சிப்பி, அது முடிந்த இடத்தில் தங்கம், தங்கத்தில் பூ. பணம் வந்த வீட்டுக் கல்யாண அலங்காரம். மூடியைக் கழற்றி வைத்துவிட்டு வெறும் உடலைப் பார்க்கும்போதுதான் பட்டைகளின் அருமை தெரிகிறது. வளையத்தில் தங்கம் தேய்ந்து உள்ளே பித்தளை எட்டிப் பார்க்கும் இடம் ஒன்று இருக்கிறது. முன்பு வைத்திருந்தவரின் பெருவிரல் விழுந்த இடமாக இருக்க வேண்டும். அந்த இடத்துப் பட்டையும் மெருகு குறைந்து மங்கலாகியிருக்கிறது. சந்தைக்காரர்கள் கணக்கில் அது விலையைக் குறைக்கும். எனக்கென்னவோ அந்தப் பேனாவில் அலங்காரம் அடங்கிப் பொருள் தெரிகிற ஒரே இடம் அதுதான் என்று பட்டது.

அண்ணை இரண்டிலும் மை நிரப்பித் தந்தார். பைலட்டுக்கு ஒரு நிமிடம் ஆகவில்லை. பார்க்கருக்குக் கழுத்தைத் திருகிக் கழற்றி, பில்லரால் சொட்டுச் சொட்டாக ஊற்ற வேண்டும். நாங்கள் பள்ளிக்கூடத்தில் செய்த அதே வேலை. அதன் நாக்கு உள்ளே வளைந்து குழலின் சுவரைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. எழுதாதபோது நாக்கில் தங்கிய மையைச் சுவர் வழியாக உள்ளே இழுத்துக்கொள்ளப் பார்க்கர் 1894-இல் காப்புரிமை பெற்ற ஏற்பாடு. நிப் நன்றாக வளைந்து கொடுத்தது. 'ழ' எழுதும்போது சுழி மெலிந்து, இறக்கம் தடித்து, என் கையெழுத்தை எனக்கே அடையாளம் தெரியவில்லை. பைலட்டின் நிப் அளவாகத்தான் வளையும். ஆனால் எழுதிக்கொண்டே போகையில் ஒவ்வொரு சொல்லுக்கும் பேனா சாய்கிற சாய்வில், பிடிக்குப் பின்னால் நீளும் உடலில் துண்டுகள் எரிந்தும் அணைந்தும் வருவதைக் கடைக்கண்ணால் பார்க்கலாம். பார்த்தால் எழுத்து ஓடாது என்பது வேறு விஷயம்.

"ஒண்டை எடும் எண்டு சொன்னால் எதை எடுப்பீங்கள்?" என்றார்.

பைலட்டைக் காட்டினேன்.

"தெரியும். எல்லாரும் அதைத்தான் கேக்கினம்," என்றவர், பார்க்கரை வாங்கி மையைக் குப்பியில் திருப்பி ஊற்றத் தொடங்கினார். "ஆனா இதைக் கையில வச்சுக்கொண்டுதான் எல்லாரும் இவ்வளவு நேரம் கதைக்கிறவை."

அதற்கு நான் பதில் சொல்லவில்லை. அவர் ஊற்றி முடித்ததும் பார்க்கரை இன்னொரு தரம் வாங்கி, வெள்ளைப் பட்டை ஒன்றை ஜன்னல் பக்கம் சாய்த்துப் பார்த்தேன். உள்ளே இருந்த இளஞ்சிவப்பு இந்தத் தடவையும் மேலே வரவில்லை.